பேராக்ஸிடினை நிறுத்திய பிறகு தலைச்சுற்றலும் தலைக்குள் மின்னதிர்வும்: பழைய நோயா, மருந்து விலகலா?

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை, வயது 39. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, பேருந்தில் போகும்போது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிரே போய்விடும் என்ற பயம் அடிக்கடி வரத் தொடங்கியது. பீதி நோய் என்று சொல்லிப் பேராக்ஸிடின் சி.ஆர். (மெல்ல மெல்ல மருந்தை விடும் வகை) 25 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருந்து எனக்கு உண்மையிலேயே உதவியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தே கூடாது என்று வாதிடுவதற்காக நான் இதை எழுதவில்லை.

நான்கு ஆண்டுகளாக ஒரு முறைகூடப் பீதி வரவில்லை என்பதால், நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு வாரம் 12.5 மி.கி. சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்திய மூன்றாம் நாள், கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். கண்கள் திரும்பிய அந்தக் கணத்தில் தலைக்குள் 'சர்ர்' என்று மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. வலி இல்லை, ஆனால் அரை நொடி எல்லாமே அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்டது போன்ற ஓர் உணர்வு. அன்று மாலைக்குள் இருபது முறையாவது அது வந்திருக்கும். அதன் பிறகு படகில் நிற்பது போன்ற தள்ளாட்டம், குமட்டல், விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி எழுப்பும் கனவுகள், சோப்பு விளம்பரத்தைப் பார்த்தாலும் வரும் அழுகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

மருந்து எழுதியவரிடமே திரும்பப் போனேன். "மூன்று நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும்; இது உங்கள் பழைய நோய்தான், ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியதுதான்" என்றார். பீதி வந்த காலத்தில் இந்த மின்னதிர்வு ஒரு நாளும் வந்ததில்லையே என்றேன். கண்டதையும் படித்துவிட்டு வராதீர்கள் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலைச்சுற்றலுக்கு மாத்திரை கொடுத்தார். நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல், மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். இன்றோடு ஏழு வாரம் ஆகிறது. இதே நிலையைக் கடந்தவர்கள் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். என்னை நம்பும் ஒருவராவது இருக்கிறாரா என்று தெரிந்துகொள்வதே இப்போது எனக்குப் பெரிய தேவையாக இருக்கிறது.


தேம்ஸ்கரை (லண்டன்)

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது எதுவும் கற்பனை அல்ல. கண்ணை ஓரமாகத் திருப்பும்போது அந்த அதிர்வு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; அதே வகை மருந்தான சிட்டலோபிராமை நிறுத்தியபோது எனக்கும் அப்படித்தான் வந்தது. சாலையைக் கடக்க இரு பக்கமும் பார்ப்பதற்கே அஞ்சிக்கொண்டு, உடம்பு முழுவதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிரில் வந்தவர்கள் நான் குடித்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும்.

மருத்துவர்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இமிப்ரமின் என்ற பழைய மருந்தை நிறுத்தியவர்களுக்கு இத்தகைய அறிகுறிகள் வந்ததை 1959ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். 1990களில் புதிய மருந்துகள் பரவிய பிறகு, ஒரு மருந்து நிறுவனத்தின் செலவில் கூடிய நிபுணர் குழு, 'விலகல்' என்ற சொல்லைத் தவிர்த்து, 'நிறுத்தல் நோய்க்குறி' என்று பெயர் வைத்தது. பெயர் மென்மையானதும், பார்வையும் மென்மையாகிவிட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இந்த அறிகுறிகள் பெரும்பாலும் லேசானவை, ஒரு வாரத்தில் தாமாகவே அடங்கிவிடும் என்றுதான் சொன்னது. 2018 பிப்ரவரியில் அரச மனநல மருத்துவர் கல்லூரியின் அன்றைய தலைவர் வெண்டி பர்னும் இன்னொரு பேராசிரியரும், மிகப் பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும் என்று டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்கள். நோயாளிகளும் சில ஆய்வாளர்களும் முறைப்படி புகார் கொடுத்தார்கள். 2019 மே மாதம் அதே கல்லூரி, சிலருக்கு இது கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கக்கூடும் என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அந்த அக்டோபரில் நைஸும் திருத்தியது. 2020இல் கல்லூரியே, எந்த மருந்தை எந்த அளவில் குறைப்பது என்ற அட்டவணைகளோடு பொதுமக்களுக்கான குறிப்பேடு ஒன்றை வெளியிட்டது.

உங்கள் மருத்துவர் படித்த காலத்துப் பாடநூல் அந்த ஒரு வாரக் கணக்கோடு நின்றிருக்கலாம். அது அவருடைய குற்றமில்லை என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் மணியை அடித்ததை மன்னிக்க மனம் வரவில்லை.


இரவுப்பணி (சென்னை)

நான் மனநல மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பை முடித்துப் பணிபுரிபவன். இந்த இழையில் மருத்துவர்கள் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் மீள்வது கட்டுக்கதை அல்ல. பிரிட்டனில் நீண்ட காலம் மருந்து எடுத்து நலமாக இருந்த 478 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2021இல் வெளியானது. ஓராண்டுக்குள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காதபோது, எதிரில் அழுதுகொண்டிருப்பவரைப் பார்த்ததும் 'மறுபடி வந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது எளிது. விலகல் அறிகுறிகளின் அளவைப் பற்றியும் ஒரே கருத்து இல்லை. 2024இல் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினரும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலேயே 17 விழுக்காட்டினரும் ஏதோவோர் அறிகுறியைச் சொல்லியிருந்தார்கள். கடுமையான பாதிப்பு சுமார் 3 விழுக்காடு.

இவ்வளவும் சொன்ன பிறகும், சகோதரி எழுதியதைப் படித்தால் எனக்கு முதலில் தோன்றுவது மருந்து விலகல்தான். காரணங்கள் மூன்று. முதலாவது, காலம். நோய் மீள்வதாக இருந்தால் பொதுவாகச் சில வாரங்களோ மாதங்களோ எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தலைகாட்டும். மூன்றாம் நாள் வந்து கதவைத் தட்டுவது விலகலின் இயல்பு. இரண்டாவது, அறிகுறிகளின் தன்மை. தள்ளாட்டம், குமட்டல் ஆகியவை பீதி நோயின் பட்டியலில் வருபவையாக இருந்தாலும்கூட, உங்களுக்கு முன்பு எந்த வடிவில் நோய் வந்ததோ அந்த வடிவில் இப்போது வரவில்லை. மின்னதிர்வோ எந்த மனநோயின் அடையாளமும் அன்று. மூன்றாவது சோதனை இனிமேல் செய்து பார்க்க வேண்டியது: மருந்தை மீண்டும் தொடங்கினால் விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் சில நாட்களில் தணியும், நோயோ வாரக்கணக்கில்தான் தணியும். ஏழு வாரம் கடந்துவிட்டதால் அந்தப் பலன் முன்போல உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எவ்வளவில் தொடங்குவது என்பதை நேரில் பார்க்கும் ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உட்கார முடியாத அளவுக்கு உடம்பு பரபரத்தாலோ, பல நாள் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம் வந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.


தேம்ஸ்கரை (லண்டன்)

டாக்டர் நிதானமாக எழுதியதற்கு நன்றி. ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அந்த 2024 தொகுப்பில் இருந்த ஆய்வுகள் பலவற்றில் மக்கள் சில மாதங்களே மருந்து எடுத்திருந்தார்கள். ஆறு ஆண்டு எடுத்தவருக்கு அந்த 3 விழுக்காட்டைச் சொல்லி ஆறுதல் கூற முடியாது.

'பழைய நோய்தான்' என்பவர்களுக்குக் காட்ட வேண்டிய ஆய்வு 1998இல் வெளியான ஒன்று. மருந்து எடுத்து நலமாக இருந்த 242 பேருக்கு, அவர்களுக்கும் தெரியாமல், பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாமல், 5 முதல் 8 நாட்களுக்கு மட்டும் மாத்திரைக்குப் பதிலாக வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பேராக்ஸிடின் எடுத்தவர்களில் 66 விழுக்காட்டினருக்கும், செர்ட்ராலின் எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், ஃப்ளூவாக்ஸ்டின் எடுத்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கும் விலகல் அறிகுறிகள் வந்தன. நோயே மீண்டிருந்தால் மூன்று மருந்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் அல்லவா மீண்டிருக்க வேண்டும்? மருந்துக்கு மருந்து இவ்வளவு வேறுபடுவது மருந்தின் வேலை. (அந்த ஆய்வுக்குச் செலவழித்தது ஃப்ளூவாக்ஸ்டினைத் தயாரித்த நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். போட்டி மருந்துகளின் குறையை வெளிக்கொண்டுவர யாருக்கு அக்கறை இருக்கும் என்பது புரியும்.)


மூலிகை நண்பன் (சேலம்)

இந்த ஆங்கில மருந்துகளை எல்லாம் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிட்டு, அமுக்கராச் சூரணமும், வெளிநாட்டிலிருந்து வரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரையும் எடுத்தால் ஒரு மாதத்தில் நரம்பு தெளிந்துவிடும். என் அண்ணனுக்குக் கேட்டது.


அரைக்கால் மாத்திரை (திருச்சி)

முப்பத்திரண்டு ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி, உங்கள் அண்ணனுக்குக் கேட்டது மகிழ்ச்சி. ஆனால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும், இந்த மருந்துகளைப் போலவே, மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளைக் கூட்டுவதுதான். பேராக்ஸிடின் போன்ற மருந்தோடு அதைச் சேர்த்தால் உடம்பு நடுங்கி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும் நிலைகூட வரலாம். மூலிகை என்பதற்காக அதை யாரும் இதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம். அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

அம்மா காவிரிக்கரை, உங்கள் மருந்துச் சீட்டில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. பேராக்ஸிடின் உடம்பில் பாதியாகக் குறைவதற்குச் சுமார் 21 மணி நேரம் போதும். ஃப்ளூவாக்ஸ்டினுக்கும் அதிலிருந்து பிறக்கும் பொருளுக்கும் அதே வேலைக்கு நாட்கணக்கு ஆகும். ஆகவேதான் ஃப்ளூவாக்ஸ்டின் தானாகவே மெல்ல இறங்குகிறது, பேராக்ஸிடின் படியில்லாத கிணற்றில் இறக்கிவிடுகிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. பேராக்ஸிடின் தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தானே முடக்கும் குணம் கொண்டது. அளவைக் குறைத்தால் அந்த முடக்கமும் தளர்ந்து, மருந்து இன்னும் வேகமாகச் சிதையும். 25ஐ 12.5 ஆக்கினால் இரத்தத்தில் இருப்பது பாதிக்கும் கீழே போய்விடும். 'பாதிதானே குறைத்தோம்' என்ற கணக்கு இங்கே செல்லாது.

சி.ஆர். என்று அட்டையில் போட்டிருக்கும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மெல்ல மெல்ல மருந்தை விடும் அமைப்பு சிதைந்து, மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். 12.5க்குக் கீழே போக வேண்டுமானால் மருத்துவரிடம் சொல்லிச் சாதாரண 10 மி.கி. மாத்திரைக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. அதை மாத்திரை வெட்டும் சிறு பெட்டியில் வைத்துப் பாதியாக்கலாம், காலாக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுங்கள் என்று சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். 21 மணி நேர மருந்தை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தால், ஒரு நாள் மருந்து, மறுநாள் விலகல் என்று உடம்பு ஊஞ்சலாடும். நான் கடையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட சீட்டு வந்தால், மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பேன். பாதிப் பேர் திட்டுவார்கள். பாதிப் பேர் திருத்துவார்கள்.


வைகை (மதுரை)

அக்கா, நான் நோயாளி அல்லன், நோயாளியின் கணவன். என் மனைவி வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைக் குறைத்து நிறுத்த முயன்றபோது எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவாள். "வேலை செய்தால் சரியாகிவிடும், சும்மா இருந்தால் இப்படித்தான்" என்றார் என் அம்மா. நானும் முதல் இரண்டு வாரம் ஏறக்குறைய அதே நினைப்பில்தான் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மருத்துவரிடம் போனால் அவள் பேசத் தொடங்கியதும் அழுதுவிடுவாள். அழுகையைப் பார்த்ததும் அவர் மனச்சோர்வு என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு முறையும் அதே கதை.

எங்கள் வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டி உண்டு. ஒரு நாள் தாளைக் கிழித்தவன், குப்பையில் போடாமல் அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். காலை எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மி.கி., அதிர்வு எத்தனை முறை, எத்தனை மணி நேரத் தூக்கம், வாந்தி உண்டா என்று நாலே வரி. ஒரு நாள் இரவு மாத்திரை வாங்க மறந்துபோனோம். மறுநாள் தாளில் அதிர்வு ஐந்திலிருந்து நாற்பதாகியிருந்தது, மாத்திரை போட்ட மறுநாள் ஆறு. இருபத்தெட்டுத் தாள்களை நூலில் கோத்து வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் ராகு காலம், எமகண்டம் அச்சடித்த பக்கத்தைத் திருப்பித் திருப்பி எல்லாத் தாள்களையும் படித்தார். அந்த நாற்பது இருந்த தாளில் விரலை வைத்து, இது நோய் இல்லை என்றார். என் மனைவி அன்றைக்கும் அழுதாள். ஆனால் அவர் அதை மருந்துச் சீட்டில் எழுதவில்லை.

ஆகவே, போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'விலகல்' என்ற சொல்லை நீங்களாக முதலில் சொல்லாதீர்கள். தேதியையும் எண்ணையும் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மருத்துவருக்கு நாம் நோயின் பெயரைச் சொல்வது பிடிப்பதில்லை. அவரே கண்டுபிடித்தால் பிடிக்கும்.


இரவுப்பணி (சென்னை)

வைகை கடைசியாக எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மறுக்கவும் முடியவில்லை.

ஒரு சட்டத் தகவல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சிகிச்சைத் திட்டத்தையும் அதன் பக்க விளைவுகளையும் அறிந்துகொள்ளும் உரிமையையும், 25ஆம் பிரிவு, தம்முடைய அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் நோயாளிக்குத் தருகின்றன. இன்னொரு மருத்துவரிடம் போகும்போது பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்காக அல்ல, ஆறு ஆண்டுகளில் எந்த அளவு, எப்போது மாறியது என்பது இருந்தால்தான் அடுத்தவர் கணக்குப் போட முடியும்.


காவிரிக்கரை (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு சந்தேகம். மீண்டும் தொடங்கினால், குறைப்பதை எந்தக் கணக்கில் செய்வது? மாதம் 2.5 மி.கி. என்று ஒரே சீராகக் குறைத்தால் போதாதா?


தேம்ஸ்கரை (லண்டன்)

அங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். மூளையில் செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திகள் உள்ளன. மருந்து அவற்றை அடைக்கிறது. சிட்டலோபிராமை வைத்துப் படம்பிடித்து அளந்திருக்கிறார்கள். 40 மி.கி.யில் சுமார் 86 விழுக்காடு கடத்திகள் அடைபடுகின்றன. அளவைப் பாதியாக்கி 20 மி.கி. கொடுத்தாலும் 80 விழுக்காடு. 9 மி.கி.யில் 70. ஆனால் 3.4 மி.கி.யிலேயே 50, அரை மி.கி.க்கும் குறைவான துளியில்கூட 10. அதாவது 40இலிருந்து 20க்கு இறங்கும்போது மூளைக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கடைசி 5 மி.கி.யை நிறுத்தும்போதுதான் மாடியிலிருந்து குதிக்கிறோம். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019இல் லான்செட் சைக்யாட்ரி இதழில் இதை விளக்கி, கீழே போகப் போகப் படிகள் சிறியதாக வேண்டும் என்று எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் தாமே இவ்வகை மருந்து ஒன்றை நிறுத்த முயன்று அவதிப்பட்ட மனநல மருத்துவர்.

எனவே மில்லிகிராமில் ஒரே சீராகக் குறைக்காமல், அப்போது எடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கையோ, உடம்பு தாங்கினால் கொஞ்சம் கூடுதலாகவோ குறைத்துவிட்டு, அறிகுறிகள் அடங்கும் வரை, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம், அங்கேயே நிற்பது பலருக்குப் பொருந்துகிறது. இங்கே எஸ்சிட்டலோபிராம் சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது. ஒரு சொட்டு ஒரு மில்லிகிராம். நெதர்லாந்தில் நாளுக்கொரு சிறு உறையாக, அளவு குறைந்துகொண்டே வரும் மாத்திரைச் சரமே தயாரிக்கிறார்கள். ஆறு ஆண்டு சாப்பிட்டதை இறக்க ஓராண்டு ஆனாலும் அது தோல்வி இல்லை, சகோதரி. எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.


காவிரிக்கரை (தஞ்சாவூர்)

ஐந்து வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வைகைத் தம்பி சொன்னபடி, நாட்காட்டித் தாள் இல்லையென்றாலும், பள்ளி வருகைப் பதிவேடு போலக் கட்டம் போட்டு இரண்டு வாரம் குறித்தேன். பழைய பதிவுகளைக் கேட்டபோது வரவேற்பறையில் இருந்த பெண் எதற்கு என்று மூன்று முறை கேட்டுவிட்டுத் தந்தார். என் தங்கை துணைக்கு வந்தாள். புதிய மருத்துவர் திருச்சியில் இருக்கிறார், வயதானவர். கட்டங்களைப் பார்த்துவிட்டு, எத்தனை வாரத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று கேட்டார். இரண்டு என்றேன். ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சாதாரண 10 மி.கி. மாத்திரையில் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். முதல் மூன்று நாள் குமட்டல் கூடியது. ஐந்தாம் நாள் அதிர்வு முப்பதிலிருந்து எட்டாக இறங்கியது. இப்போது நாளுக்கு இரண்டோ மூன்றோ, அதுவும் தூக்கம் கெட்ட நாட்களில். தள்ளாட்டம் முழுதாகப் போகவில்லை. இத்தனை வாரம் கழித்துத் தொடங்கியதால் முழுப் பலன் வர நாளாகலாம் என்று அவரும் சொன்னார். பீதி நோய் மீளவே மீளாது என்று நான் உறுதி தர மாட்டேன், ஆனால் இது அது இல்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நான்கு மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடியும் வரை ஒன்றையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகு முக்கால் மாத்திரை. 2.5க்குக் கீழே மாத்திரையை வெட்டுவது கடினம் என்பதால், அந்த இடத்தில் ஃப்ளூவாக்ஸ்டினுக்கு மாற்றி இறங்கலாமா என்று அப்போது பார்ப்போம் என்றார். மாத்திரை வெட்டும் பெட்டி வாங்கிவிட்டேன், ஐயா. முதல் மாத்திரையே மூன்று துண்டாக உடைந்து ஒரு துண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டது.


அரைக்கால் மாத்திரை (திருச்சி)

பிளேடுக்கு நேராக மாத்திரையின் கோடு இருக்கும்படி வைத்து, மூடியை மெல்ல அழுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள் அம்மா. உடைந்த தூளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த மாத்திரையின் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் மடித்து வைத்து, முழு அளவு எடுக்கும் நாளில் சேர்த்து விழுங்கிவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாத்திரையை மட்டும் வெட்டுங்கள். ஒரு மாதத்துக்கும் சேர்த்து வெட்டி வைத்தால் ஈரக் காற்றில் உதிர்ந்துவிடும்.